திராவகத்தால் எரிந்த இரைப்பையும் சத்திரசிகிச்சையும்

விழா மலரொன்றிலே இத்தகைய பொருளை எழுதுதல் தகுமோ என வினவுவாரும் உளர். பழைய மாணவர் கூடி மகிழும் வேளையில் எரிகாயத்தையும் கத்தியையும் பற்றிப் பேசுதல் சிலருக்கு ஒவ்வாது. எனினும், மலசலகூடம் கழுவும் அசிற்றுப் போத்தல் இல்லாத வீடு நம் ஊரில் இன்று அரிது. பற்றறி திருத்தும் கடையிலும் பொற்கொல்லர் பட்டறையிலும் பாடசாலை ஆய்வுகூடத்திலும் அவ்வினப் பொருள்கள் உள. அவற்றை அறியாமலோ அறிந்தோ விழுங்கியவர்க்கு நேரும் கேட்டில் ஒரு பகுதி அப்போத்தலால் விளைவது. மற்றொரு பகுதி, பின்னர் வரும் நாள்களைச் சுற்றத்தார் பிழையாகக் கணிப்பதால் விளைவது. பின்னதைத் தடுத்தல் எவர்க்கும் கூடும். அதன்பொருட்டே இதனை எழுதப் புகுந்தோம்.

திராவகம் என்னும் சொல் நம்மவர்க்குப் புதியதன்று. சத்திரசிகிச்சையைத் தமிழிற் கற்பித்தலும் புதியதன்று. அமெரிக்க மிஷன் வைத்தியராக 1847ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயிலே தமிழ் வாயிலாக வைத்தியக் கல்வி புகட்டிய சாமுவேல் பிஸ்க் கிறீன், ‘இரண வைத்தியம்’ என்னும் நூலை 1867இலும், ‘கெமிஸ்தம்’ என்னும் இரசாயன நூலை 1875இலும் தமிழில் வெளியிட்டார். அவர் தம் மாணாக்கர்க்கு இரண வைத்தியம் படிப்பித்த அந்நாளிலே, இரைப்பையின் ஒரு பகுதியை வெட்டியெடுத்து நோயாளியைப் பிழைக்கவைத்த வைத்தியர் உலகில் எங்கும் இலர். அதனை முதன்முதல் வெற்றியாகச் செய்தவர் வியன்னா நகரத்துத் தியோடர் பில்றோத்து, ஆண்டு 1881. அதே ஆண்டில் அவருடைய உதவியாளராகிய வோல்ஃப்ளர், அடைபட்ட இடத்தை அப்படியே விட்டு, இரைப்பையைச் சிறுகுடலோடு நேரே இணைத்துப் புதுவழி சமைத்தார். இருவரும் புற்றுநோய்க்காகவே அவற்றைச் செய்தனர். ஆயினும் திராவகக் காயத்துக்கு இன்று செய்யப்படும் சிகிச்சைகளிற் பெரும்பாலானவை இவ்விரண்டின் வழிவந்தவையே.

இனி, எரிபொருள் உடலினுள் என்ன செய்கிறது என்பதைப் பார்ப்போம். எரிபொருள்கள் இருவகை: புளிப்பினமாகிய திராவகங்கள் ஒன்று, காரங்கள் மற்றொன்று. கோஸ்டிக் சோடா போன்ற காரம் தசையிலுள்ள கொழுப்பைச் சவர்க்காரமாக்கியும் புரதத்தைக் கரைத்தும் ஆழமாக உள்ளிறங்கும். திராவகமோ புரதத்தை உறையச் செய்யும். முட்டையின் வெண்கரு வெந்நீரில் இறுகுவதைப்போலத் தசை இறுகி, மேலே ஒரு பொருக்குப் படியும். அப்பொருக்கே ஓரளவு தடையாகி, திராவகம் மேலும் ஆழத்துக்குச் செல்லாமற் காக்கும் எனப் பாடநூல்கள் கூறும். வலிமை மிக்க திராவகத்தின் முன் அத்தடை நில்லாது என்பதையும் உடன் சொல்லல் வேண்டும்.

வாயிலிருந்து இரைப்பை வரை செல்லும் உணவுக்குழலை நம் பாடநூல்கள் களம் என்னும். களத்தின் உட்தோல் தடித்தது. அதனை நனைக்கும் உமிழ்நீர் சற்றுக் காரத் தன்மையுடையது. நீர்போன்ற திராவகம் அதனை ஒரு சில நொடியிற் கடந்துவிடும். அங்ஙனம் கடந்து இரைப்பையை அடைந்ததும், அதன் சிறுவளைவை ஒட்டிய மடிப்புகள் வாய்க்கால் போல அதனைக் கீழ்ப்பகுதிக்குக் கொண்டுசெல்லும். ஆங்கே இரைப்பையின் கீழ்வாயில், எரிவு தாங்காது இறுக மூடிக்கொள்ளும். வாய்க்கால் நீர் மதகு மூடியவிடத்துத் தேங்குவது போலத் திராவகம் அங்கே தேங்கும். வெறுவயிற்றில் விழுங்கியவருக்குக் கீழ்ப்பகுதியே பெரிதும் எரிவதும், உண்ட வயிற்றில் விழுங்கியவருக்கு நடுவுடலும் புண்படுவதும் இதனாலேயே. வயலுக்கு நீர் பாய்ச்சிய கைகளுக்கு இதனை மேலும் விளக்க வேண்டியதில்லை.

ஆனால் திராவகம் களத்தை விட்டுவிடும் என்று நம்பி அமைதல் தவறு. சண்டிகார் பட்டமேற்படிப்பு மருத்துவ நிறுவனத்தார், சர்கார் என்பாரை முதலாசிரியராகக் கொண்டு 1989இல் வெளியிட்ட ஆய்வு, திராவகம் விழுங்கியவர்களிற் பெரும்பாலானோருக்கு இரைப்பையைப் போலவே களமும் காயப்பட்டிருந்ததை அகநோக்கியால் கண்டு காட்டிற்று. வாயிலே புண் இல்லையாகையால் உள்ளேயும் இராது என்னும் எண்ணமும் அத்தகையதே. வாய் தப்பி இரைப்பை எரிந்தோர் உளர். வாய் எரிந்து இரைப்பை தப்பினோரும் உளர்.

எரிபொருள் ஊருக்கு ஊர் வேறுபடும். இறப்பர் விளையும் நாடுகளில், பாலை உறையவைக்கும் ஃபோமிக் அமிலமே அதிகம் கைக்கெட்டுவது. எறும்பின் கடுப்பிலுள்ள புளிப்பும் அதுவே. கேரளத்துக் கோட்டயத்தில் அதனை விழுங்கிய 53 பேரைப் பற்றிய அறிக்கை 1985இல் வெளிவந்தது. அது வயிற்றை எரிப்பதோடு அமையாது, குருதியிற் கலந்து செங்கலங்களை உடைத்துச் சிறுநீரகத்தையும் கெடுக்கும். வன்னி இறப்பருக்குப் பெயர்பெற்ற நிலமன்று. நமக்கு அஞ்சத்தக்கவை பற்றறிக்கு ஊற்றும் கந்தகத் திராவகமும், மலசலகூடத்து உப்பமிலமும், பொன்னை மாற்றறியும் நைத்திரிக்கமிலமும், சில களைகொல்லிகளுமே. மின்சாரமில்லாது கழிந்த போர்க்கால ஆண்டுகளில் வானொலியும் விளக்கும் வாகனப் பற்றறியால் இயங்கியதை மறந்தோமல்லோம்.

அமெரிக்காவிலே செவாலியர் ஜாக்சன் என்னும் தொண்டை வைத்தியர், கோஸ்டிக் சோடாவை விழுங்கிக் களம் ஒடுங்கிய குழந்தைகளைப் பல்லாண்டு கண்டு வெதும்பி, அப்பொருள்களின் கலங்களிலே நஞ்சென எழுதி விற்கச் சட்டம் வேண்டுமென வாதாடினார். 1927இல் அச்சட்டம் நிறைவேறியது. கடையில் வாங்கும் போத்தலில் அவ்வெழுத்து இன்று நம் நாட்டிலும் உண்டு. அதனை வீட்டிலே சோடாப் போத்தலுக்கு மாற்றி ஊற்றுகின்ற கையைத்தான் எச்சட்டமும் தடுக்கவில்லை. தாகத்தோடு ஓடிவரும் பிள்ளைக்குச் சோடாப் போத்தல் சோடாப் போத்தலே.

விழுங்கிய முதல் மணித்தியாலத்திலே வீட்டார் செய்வன பெரும்பாலும் அன்பினாற் செய்யப்படுவன. அவற்றுட் பல கேடு பயப்பன. உப்புத் தண்ணீர், சவர்க்காரத் தண்ணீர் முதலியவற்றைப் பருக்கி வாந்தி எடுப்பிப்பர். உள்ளே சென்ற திராவகம் மீண்டும் களத்தின் வழியே ஏறும்போது, ஒருமுறை எரிந்த இடம் இரண்டாம் முறை எரியும். வாதனாளி என்னும் மூச்சுக்குழலுக்குள் ஒரு துளி புகுந்தாற் சுவாசமும் தடைப்படும். வேறு சிலர், புளிப்பைக் காரம் முறிக்கும் என்று படித்த இரசாயனத்தை நினைந்து, சுண்ணாம்பு நீரோ அப்பச்சோடாவோ கரைத்துக் கொடுப்பர். ஆய்வுகூடத்திலே திராவகத்துள் காரத்தைச் சேர்த்தபோது குழாய் சுட்டதை மாணவர் நினைவுகூர்க. அவ்வெப்பம் இரைப்பையுள்ளே பிறந்தால் என்னாகும்? வாயு பெருகி மெலிந்த சுவரைப் பிளப்பதும் உண்டு. வேறு நஞ்சுகளுக்கு உதவும் கரித்தூள் இங்கு உதவாது. அது திராவகத்தைப் பற்றாது, அகநோக்கியின் பார்வையையும் மறைத்துவிடும். வயிறு கழுவக் குழாய் செலுத்துதலும் இங்கே விலக்கப்பட்டது.

செய்யத்தக்கது சிறிது. வாயை நீரால் நன்றாகக் கொப்பளித்துத் துப்பச் செய்க. உடலிலும் உடையிலும் சிந்தியதை நிறைய நீரூற்றிக் கழுவுக. வைத்தியர் சொல்லும் வரை விழுங்க எதுவும் கொடாது, சாய்ந்து இருக்கச் செய்து, 1990 என்னும் இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்ஸ் வருவிக்க. போத்தலை எறிந்துவிடாது கூடவே கொண்டுசெல்க. விழுங்கிய நேரத்தைக் குறித்துக்கொள்க. பொலிசுக்கு அஞ்சி ஒளித்து வைப்போர்க்கு ஒன்று சொல்வோம்: தன்னுயிரை மாய்க்க முயலுதல் இலங்கைச் சட்டத்திலே 1998 முதற் குற்றமன்று. ஒளித்த ஒவ்வொரு மணித்தியாலமும் நோயாளியையே தண்டிக்கிறது.

வைத்தியசாலையில் முதற் கவனம் வயிற்றின்மேற் செல்வதில்லை, மூச்சின்மேற் செல்லும். குரல் கம்மி, இழுத்து மூச்சு விடுபவருக்குத் தொண்டை வீங்கி வாதனாளி அடைபடுமுன் சுவாசக் குழாய் இடவேண்டும். பின்னரே நாளத்தில் நீரேற்றல், வலி தணித்தல், நெஞ்சையும் வயிற்றையும் படம்பிடித்தல். முதல் இருபத்துநான்கு மணித்தியாலத்துள் அகநோக்கியைச் செலுத்திக் காயத்தின் ஆழத்தை அளப்பது வழக்கம். ஐந்தாம் நாளிலிருந்து ஏறக்குறையப் பதினைந்தாம் நாள் வரை அகநோக்கியைத் தவிர்ப்பர். அந்நாள்களிலே இறந்த தசை உதிர, புதுத் தசை வலுப்பெறாத நிலையில், சுவர் ஈரக் கடதாசியை ஒத்திருக்கும்.

காயத்தை அளக்கும் படிமுறையும் நாம் மேலே கூறிய சண்டிகார் வைத்தியர்களே 1991இல் வகுத்தளித்தது. இன்று உலகெங்கும் வழங்குகிறது. வெறும் சிவப்பும் வீக்கமும் முதற்படி. மேலோட்டமான புண் இரண்டாம் படியின் முற்கூறு. ஆழ்ந்த புண், அல்லது குழலைச் சுற்றிவளைத்த புண், அதன் பிற்கூறு. இங்குமங்குமாகத் தசை கருகியிருத்தல் மூன்றாம் படியின் முற்கூறு. பரந்து கருகியிருத்தல் அதன் பிற்கூறு. இரண்டாம் படியின் முற்கூறு வரையுள்ளோர் வடுவின்றிக் குணமடைவர். அடுத்த இரு கூற்றினருட் பெரும்பாலோருக்குப் பின்னாளிலே ஒடுக்கம் உண்டாகும். கடைசிக் கூற்றினருக்கு உயிரே ஐயம். இதிலே நடுவிலுள்ளோரைப் பற்றியே இக்கட்டுரையின் பெருங்கவலை. அதற்குப் பின்னர் வருவோம்.

அன்றிரவே வயிற்றைத் திறக்க வேண்டியவர் யார்? வயிறு பலகைபோல் இறுகியவர், படத்திலே உதரவிதானத்தின்கீழ்க் காற்றுத் தெரிபவர், குருதிப்போக்கு நில்லாதவர், குருதியிற் புளிப்பேறி நிலைகுலைபவர் ஆகியோர். ஐயமுள்ளவிடத்து, நாளத்தில் மருந்தேற்றி எடுக்கும் சி.ரி. படம் பெரிதும் உதவும். அகநோக்கி உட்தோலையே காண்பது. கருமையைக் கண்டு முழுச்சுவரும் இறந்ததென மயங்குதலும் கூடும். பாரிஸ் நகரத்துச் சத்திரவைத்தியர்களான கத்தான், சிரிக்கா ஆகியோர், சுவரிலே குருதியோட்டம் எஞ்சியுள்ளதா என்பதை அப்படத்தால் அறிந்து, வீணாகக் களத்தை அகற்றுவதைக் குறைக்கலாமென்று அண்மை ஆண்டுகளிற் காட்டினர். உயிருள்ள உறுப்பொன்றை ஐயத்தின்பேரில் வெட்டாமல் விடுவது எத்துணைப் பெரிய பேறு என்பதை, அதனை இழந்தவரே அறிவர்.

திறந்த வயிற்றில் இரைப்பை கருகிக் கிடந்தால், துளைபட்ட இடத்தை மட்டும் தைத்து மூடுதல் பயன்தராது. துளையின் விளிம்பு இறந்த தசை; அதிலே தையல் நில்லாது. ஒரு பகுதியை மட்டும் வெட்டுதலும் ஐயத்துக்குரியது. ஏனெனில், முதல் நாளில் உயிருள்ளதாகத் தோன்றிய விளிம்பு மூன்றாம் நாளிற் கருகக்கூடும். ஆகவே பரந்து கருகிய இரைப்பையை முழுவதும் அகற்றுதலே நன்று. களம் நன்றாயிருந்தால், சிறுகுடலின் ஒரு புயத்தை மேலே இழுத்து அதனோடு இணைப்பர். களமும் இறந்திருந்தால் அதனையும் அகற்றி, எஞ்சிய மேல்நுனியைக் கழுத்திலே வாயாகத் திறந்துவிட்டு, பல மாதங்களின் பின், உடல் தேறியபோது, பெருங்குடலின் ஒரு துண்டை நெஞ்சினூடாகக் கொண்டுசென்று புதுக்களம் அமைப்பர். இரண்டு நிலையிலும் அன்றிரவே செய்ய வேண்டிய சிறு காரியம் ஒன்றுண்டு: இடைச்சிறுகுடலில் ஊட்டக் குழாயொன்றை வைத்தல். பெரிய சத்திரசிகிச்சையின் களைப்பிலே இதனை மறந்துவிடலாகாது. அடுத்த சில மாதம் அக்குழாயே நோயாளியின் வாய்.

இத்தகைய கொடுங்காயம் சிலருக்கே. நடுத்தரமாகக் காயப்பட்டவரின் கதை வேறு. பங்குனி நடுவிலே திராவகம் விழுங்கிய ஒருவரை எண்ணிக்கொள்வோம். முதல் வாரம் வலியும் காய்ச்சலும். இரண்டாம் வாரம் வலி தணிந்து கஞ்சி இறங்கும். மூன்றாம் வாரம் வீடு திரும்பிச் சோறும் உண்பார். கண்டம் கழிந்தது எனச் சுற்றத்தார் மகிழ்வர். வைத்தியசாலை தந்த கிளினிக் அட்டை சுவரலமாரிக்குள் போகும். வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கல் வரும்போதோ, அவர் இரண்டு கவளத்துக்குமேல் உண்ணமாட்டாதவராயிருப்பார். மாலையில் வயிறு உப்பும். நேற்று உண்ட சோறு இன்று இரவு அப்படியே வாந்தியாக வரும். அவ்வாந்தியிலே பித்தத்தின் மஞ்சள் இராது. உடம்பை மெல்லக் குலுக்கினால் வயிற்றினுள் தோண்டித் தண்ணீர் தளம்புவதைப்போல ஒலி கேட்கும்.

நடந்தது யாது? இரைப்பையின் கீழ்ப்பகுதியில் எரிந்த இடத்தை உடல் வடுவால் நிரப்பிற்று. எரிகாயம் பட்ட கையின் தோல் சுருங்கி விரலை மடக்குவதை நாம் கண்டிருக்கிறோம்; அச்சுருக்கமே இங்கும். வடு மூன்றாம் வாரமளவிற் சுருங்கத் தொடங்கி மாதக்கணக்கிற் சுருங்கும். ஆகவே மூன்றாம் வாரத்துக்கும் மூன்றாம் மாதத்துக்கும் இடையிலேயே அடைப்புப் பெரும்பாலும் வெளிப்படும். சுகமடைந்த காலம் என வீட்டார் எண்ணியதே வடு தன் வேலையைச் செய்த காலம். இவ்விடத்திலேதான் செய்வினை என்றும் கண்ணூறு என்றும் ஐயம் எழுந்து, நாள்கள் கழிகின்றன. அம்மனுக்கு நேர்த்தி வைப்பதை நாம் தடுக்கோம். நேர்த்தி வைத்தவர் கிளினிக் அட்டையையும் எடுத்துக்கொண்டு மாஞ்சோலை வைத்தியசாலைக்குப் போகவேண்டும் என்பதே நம் வேண்டுகோள். அங்கிருந்து வவுனியாவுக்கோ யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கோ அனுப்பப்பட்டால், வயிறு நோகவில்லையே என்று பயணத்தைத் தள்ளிப்போடலாகாது. ஆறாம் வாரத்திலே உடலில் ஓரளவு தசையுடன் வருபவருக்கும், ஐந்தாம் மாதத்திலே எலும்புந் தோலுமாக வருபவருக்கும் ஒடுக்கம் ஒன்றே. கத்தியின் விளைவு ஒன்றன்று.

அவ்வாறு வருபவரை உடனே வெட்டுதலும் நன்றன்று என்பது கேட்போர்க்கு வியப்பாகலாம். அடைப்பு இருக்கிறது, நீக்கிவிட்டால் என்ன? முதலாவதாக, நாள்தோறும் வாந்தியெடுத்தவர் குருதியிலே குளோரைட்டும் பொற்றாசியமும் குறைந்திருக்கும். அவற்றைச் சீராக்காமல் மயக்கமருந்து கொடுத்தல் ஆபத்து. இரண்டாவதாக, பட்டினி கிடந்த உடலிலே போட்ட தையல் ஒட்டுவது அரிது. மூன்றாவதும் முக்கியமானதும், வடு எங்கே முடிகிறது, நல்ல தசை எங்கே தொடங்குகிறது என்பது அப்போது தெளிவாகாது. நல்லதென்று எண்ணி இணைத்த இடமே பின் சுருங்கி இரண்டாம் அடைப்பாகும். ஆகவே வடு முதிரும்வரை ஏறக்குறைய மூன்று மாதம் பொறுத்தல் பெரும்பாலோர் வழக்கம். உடல்வலு நன்றாயுள்ளவர்க்கு முன்னரே செய்யலாமென்பாரும் உளர். நாம் பொறுத்தலின் பக்கமே சாய்வோம்.

பொறுக்கும் காலத்தில் உணவு எவ்வழி? இடைச்சிறுகுடலிற் சிறு சத்திரசிகிச்சையால் வைத்த குழாய் வழியே. வடித்த கஞ்சி, பால், அரைத்து வடித்த பருப்பு, முட்டை, சீனி, எண்ணெய் ஆகியவற்றை உணவியலாளர் சொல்லும் அளவில், சிறிது சிறிதாக, இளஞ்சூட்டில், நாள் முழுவதும் செலுத்தலாம். குழாயைச் சுடுநீர் விட்டாறிய நீராற் கழுவித் துப்புரவாக வைத்துக்கொள்ளுதல் வீட்டுப் பெண்களுக்குப் பழகினால், தாதியரினும் நன்றாகச் செய்வர். இரைப்பையிலேயே குழாய் வைக்கலாகாதா எனின், நியூயோர்க்கிலே அவ்வாறு வாழ்ந்த ஒருவரின் வரலாறு மருத்துவ நூல்களிற் புகழ்பெற்றது. தோம் என்று நூல்கள் குறிக்கும் அவர், 1895இல், ஒன்பது வயதிற் கொதிக்கும் இரசத்தை விழுங்கிக் களம் அடைபட்டு, வயிற்றிலிட்ட துளைவழியே பல பதிற்றாண்டு உணவு செலுத்தி வாழ்ந்தார். தாம் உணவை மென்று சுவைத்த பின்னரே புனல்வழி உள்ளே இடுவார். அவருடைய இரைப்பை நல்ல இரைப்பை. நம் நோயாளிக்கு எரிந்ததோ இரைப்பையே. மேலும், பின்னாளில் வெட்டி இணைக்க வேண்டிய சுவரிலே முன்கூட்டித் துளையிடுதல் கூடாது.

வடு முதிர்ந்தபின் செய்வது யாது என்பதற்குத் தமிழ்நாட்டுக்கு அயலேயுள்ள புதுச்சேரியின் ஜிப்மர் நிறுவனத்தார் அனுபவமே நமக்குச் சிறந்த வழிகாட்டி. அங்கே ந. ஆனந்தகிருஷ்ணன், கோ. பார்த்தசாரதி, விக்ரம் கேற் ஆகியோர், ஒரே சத்திரசிகிச்சைப் பிரிவிலே முப்பது ஆண்டுகளிற் கண்ட 109 நாட்பட்ட இரைப்பைக் காயங்களை ஆராய்ந்து 2010இல் எழுதினர். தமிழ் பேசும் நோயாளர் நிறைந்த வைத்தியசாலையொன்றிலே பிறந்த இவ்வறிவு, உலகத்துச் சத்திரவைத்தியர் ஒடுக்கத்தை வகைப்படுத்தும் முறைகளுள் ஒன்றாயிற்று என்பது நமக்குப் பெருமையே. அவர்கள் ஒடுக்கத்தை ஐவகையாகப் பகுத்தனர்.

கீழ்வாயிலை ஒட்டி ஓரிரு சென்ரிமீற்றர் அளவிலே மோதிரம்போல் இறுகியிருப்பது முதல்வகை. அவ்வொடுக்கம் மேலேறிக் குகைப்பகுதி எனப்படும் கீழ்ப்பகுதியையும் பற்றுவது இரண்டாவது. மேலும் கீழும் நன்றாயிருக்க, நடுவுடல் ஒடுங்கி உடுக்கின் வடிவம் கொள்வது மூன்றாவது. இரைப்பை முழுவதும் சுருங்கிச் சிறு தோற்பையாவது நான்காவது. இரைப்பையின் ஒடுக்கத்தோடு முன்சிறுகுடலும் ஒடுங்கியிருப்பது ஐந்தாவது. கத்தி எடுக்குமுன் எவ்வகை என்பதை அறிதல் வேண்டும். அதற்கு, மாப்போன்ற பேரியத்தைக் குடிக்கச் செய்து எடுக்கும் எக்ஸ்-கதிர்ப் படம் இன்றும் பயனுள்ளது.

மோதிர ஒடுக்கத்தை அகநோக்கியின் வழியே சிறு பலூன் ஊதி விரிக்கலாம். ஒருமுறையில் முடியாது, பலமுறை வரவேண்டும், கிழியும் ஆபத்தும் உண்டு. மாங்குளம் வழியாகப் பஸ்ஸேறி மீண்டும் மீண்டும் போக வசதியற்றவர்க்கு, ஒரே முறையில் முடியும் சத்திரசிகிச்சை சிலவேளை மேலானது. வைத்தியர் இதனையும் கருதியே முடிவு செய்தல் வேண்டும். முதலிரு வகைக்கும், ஒடுங்கிய கீழ்ப்பகுதியை வெட்டியெடுத்து, எஞ்சியதை முன்சிறுகுடலோடு இணைத்தல் பில்றோத்தின் முறை. உணவு தன் பழைய வழியே செல்வது அதன் சிறப்பு. அழற்சியால் அப்பகுதி சதையத்தோடு ஒட்டிக் கிடந்தால், வோல்ஃப்ளர் செய்ததுபோல மேலேயுள்ள நல்ல சுவரைச் சிறுகுடலோடு இணைத்துவிடுவர். உடுக்கு வடிவத்துக்கு, ஒடுங்கிய இடுப்பை நீளவாட்டில் வெட்டிக் குறுக்காகத் தைத்து அகலப்படுத்தலாம். அன்றி மேற்பையையும் கீழ்ப்பையையும் ஒன்றோடொன்று இணைக்கலாம். நான்காம் வகைக்கு இரைப்பை முழுவதையும் அகற்றல் நேரும். ஐந்தாம் வகைக்கு, ஒடுக்கம் முழுவதையும் தாண்டி இடைச்சிறுகுடலோடு இணைப்பதே வழி.

வெட்டி எடுப்பதா, விட்டுத் தாண்டுவதா என்பது பற்றி வைத்தியரிடையே நெடுநாளாக வாதமுண்டு. எரிந்த களத்திலே பல பதிற்றாண்டு கழிந்து புற்றுநோய் தோன்றுவது நன்கறிந்த செய்தி. இரைப்பையில் அவ்வாறு தோன்றியதாகக் கூறுவன மிகச் சிலவே. வடுவை விட்டுவைத்தலாகாது என்பார் இதனைக் காட்டுவர். எளிதாக எடுக்கக்கூடியதை எடுத்தலும், எடுக்கப்போய்ச் சதையத்தையும் பித்தக்குழாயையும் காயப்படுத்தும் நிலையில் விட்டுத் தாண்டுதலும் தக்கதென நாம் கொள்வோம். இளவயதினருக்கு முன்னதன் பக்கம் சற்றுச் சாய்தல் பொருந்தும். அவர் வாழவேண்டிய ஆண்டுகள் அதிகம்.

களமும் இரைப்பையும் ஒருங்கே ஒடுங்கியவரிடத்தில் ஒரு பொறி உண்டு. களம் அடைபட்டவர் உண்பதே சிறிது. ஆகவே வாந்தி எழாது. கீழ்வாயிலின் அடைப்பு மறைந்துகிடக்கும். களத்தை விரித்து வழிதிறந்த பின்னரே, உண்ட உணவு கீழே போகாதிருப்பது தெரியவரும். பெருங்குடலாற் புதுக்களம் அமைக்கத் துணிபவர், அதன் மறுமுனையை எங்கே சேர்ப்பது என்பதை முன்னரே அறிந்திருத்தல் வேண்டும். அதனால் மேல்வாயிலைத் திறக்குமுன் கீழ்வாயிலையும் சோதித்தல் இன்றியமையாதது.

கத்தியால் ஆகாத பகுதியும் இந்நோயில் உண்டு. தாமாக விழுங்கியவருட் பலர் ஒரு கணக் கோபத்திலோ மனமுறிவிலோ அதனைச் செய்தவர். மறு மணித்தியாலமே வாழ விரும்பியவர். அவருடைய களத்தை விரித்து, இரைப்பையைத் திருத்தி, மனத்தை யாரும் கேளாது வீட்டுக்கு அனுப்புதல் குறைச் சிகிச்சை. உளநல வைத்தியரைக் காண்பது படுக்கையிலிருக்கும்போதே தொடங்கவேண்டும். 1926 என்னும் தேசிய உளநல உதவி இலக்கத்தை எந்நேரமும் அழைக்கலாம். ஊரார் அவரை ‘அசிற்றுக் குடித்தவர்’ என்று பெயரிட்டு அழைப்பதை விட்டாற் போதும். அது வைத்தியசாலையில் இல்லாத மருந்து.

இரைப்பை முழுவதும் இழந்தவர் பின்னர் எவ்வாறு வாழ்வார் என்று கேட்பர். வாழ்வார், வயலுக்கும் போவார், பாடமும் நடத்துவார். ஒருவேளைச் சோற்றை இரண்டாகப் பகுத்து நாளொன்றுக்கு ஆறுமுறை உண்பார்; நீரை உணவோடு சேர்த்துக் குடியாது இடைவெளியிற் குடிப்பார்; இனிப்பை ஒரேயடியாக உண்டால் தலைசுற்றி வியர்க்கும் என்பதை அனுபவத்தில் அறிந்து குறைத்துக்கொள்வார். இரைப்பைச் சுவர் சுரக்கும் ஒரு பொருளின் துணையின்றி விற்றமின் பி12 உடலிற் சேராது. உடலின் சேமிப்பு சில ஆண்டு தாங்கும். அதன்பின் குருதி குன்றி, கால் மரத்து, நினைவும் தளரும். ஆதலால் அவ்விற்றமினை ஊசியாக, வைத்தியர் குறித்த இடைவெளியில், ஆயுள் முழுவதும் ஏற்றிக்கொள்ளல் வேண்டும். இரும்புச் சத்தையும் ஆண்டுதோறும் சோதிப்பித்தல் நன்று. அந்த ஊசிக்குரிய திகதிகளும் முன்சொன்ன கிளினிக் அட்டையிலேயே எழுதப்படும்.